பதினேழாம் ஆணி

சென்னையிலிருந்தே ஒருவன் என்னைப் பின்தொடர்ந்து வருகிறான் என்று நம்பினேன். சந்தேகம் என்று சொன்னால் குறைத்துச் சொல்வதாகும், முழுசாக நம்பினேன். வேலூரில் எந்தச் சத்திரத்தில் தங்கப்போகிறேன் என்று எனக்கே தெரியாத நேரத்தில், எதிர்க் கம்பெனிக்காரன் அதைக் கண்டுபிடித்து, ஓர் ஆளை அங்கே எனக்கு முன்னாலேயே பாய் விரித்துப் படுக்க வைத்திருக்கிறான் என்று. எனக்கு வயது ஐம்பத்தொன்று. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். என்னிடம் திருட இருந்ததோ, செய்தித்தாளை நாலாக மடித்த அளவில் ஒரே ஒரு தோல் துண்டு.

அந்தத் துண்டின் கதையைச் சொல்லாவிட்டால் நான் வெறும் பைத்தியக்காரனாகத் தெரிவேன். சொன்னாலும் தெரிவேன், ஆனால் காரணத்தோடு.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்கும் தோல் பதனிடுகிற டேனரிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பது என் வேலை. ஷூ எந்த நிறத்தில் வேண்டும் என்பதை அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். ஒரு துண்டுத் தோல் பிடித்துப்போனால், அதன் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். டேனரியில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாயம் கலந்து மொத்தத் தோலுக்கும் அடிக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட துண்டு ஒன்றுதான். நகல் கிடையாது. இந்த முறை நிறத்தின் பெயர் கொன்யாக். பார்த்தால் நம்ம ஊர்க் கருப்பட்டி, கொஞ்சம் வெயில் பட்டது.

போன ஆர்டரில் நான் ஒரு சாமர்த்தியம் செய்தேன். சென்னைக்கு எதற்கு வீண் அலைச்சல் என்று, அங்கே இருக்கும் வெளிநாட்டுக்காரர்களின் ஆபீசிலிருந்தே துண்டை செல்போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அந்தப் படத்தை டேனரிக்குத் தள்ளிவிட்டேன். வந்த தோல் தக்காளித் தொக்கு நிறத்தில் இருந்தது. மொத்த லாட்டும் திரும்பி வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வரவழைத்துக் கொடுத்தார். அவர் கத்தினால் பயமில்லை. மரியாதையாகப் பேசினால்தான் பயம்.

"இந்தத் தடவையும் கலர் மாறிச்சுன்னா நீங்க ஆபீசுக்கு வந்து சிரமப்படவேணாம் சார். வீட்டுலயே ரெஸ்ட் எடுங்க" என்றார்.

அதனால்தான் இந்த முறை நானே சென்னைக்குப் போய், கையெழுத்துப் போட்ட துண்டை வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் பேரணாம்பட்டு டேனரியில் சாயம் அடிக்கும் மாஸ்டர் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. மாஸ்டர் கறாரான ஆள். "ஒம்போது மணிக்கு துண்டு என் கைல இருக்கணும். ஒம்போது அஞ்சுக்கு வந்தீங்கன்னா வேற பார்ட்டி தோலை மெஷின்ல ஏத்திடுவேன். அப்புறம் நாலு நாளைக்கு என்னை பேஜார் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். நாலு நாள் தள்ளிப்போனால் கப்பல் போய்விடும். கப்பல் போனால் நான் வீட்டில் ரெஸ்ட்.

வேலூரில் பஸ் மாறும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடியாத்தம் வழியாகப் போகும் வண்டிகள் எல்லாம் விளக்கணைத்து வரிசையாக நின்றன. ஆற்றுத் தண்ணீர் ரோட்டுக்கு மேலே ஓடுகிறதாம். என் வீடும் குடியாத்தத்தில்தான், அதாவது தண்ணீருக்கு அந்தப் பக்கம். ஆம்பூர் சுற்றிப் போகலாம் என்றால், அங்கிருந்து பேரணாம்பட்டுக்குப் போகும் கடைசி வண்டியும் கிளம்பிவிட்டது. காலையில் தண்ணீர் வடிந்தால் ஆறேகாலுக்கு முதல் வண்டி என்றார்கள்.

மனைவிக்குப் போன் செய்தேன்.

"எங்க தங்குவீங்க?"

"ஏதாவது லாட்ஜு பார்க்கறேன்."

"எங்கண்ணன் வீடு அங்கதான இருக்கு."

"அதுக்கு நான் பஸ் ஸ்டாண்டுலயே நனையறேன்."

"நீங்க நனைங்க, காய்ஞ்சிடுவீங்க. அந்தத் துண்டு நனையாமப் பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டாள்.

இருபது வருஷம் தோல் கம்பெனியில் இருப்பவனுக்கு, லுங்கி நெய்கிற வீட்டில் பிறந்தவள் சொன்ன புத்தி இது. நான் கேட்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினேன். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக அறைகளை எடுத்திருந்தார்கள். வராந்தாவில் குக்கர் கூவிக்கொண்டிருந்தது. ஒரு லாட்ஜில் இருந்தவர் முதலில் இந்தியில் கேட்டார், பிறகு தமிழில்: "பேஷண்ட் யாரு சார்?"

"நான்தான். இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கோட்டைப் பக்கம் பஜாரில் பழைய சத்திரம் ஒன்று இருப்பதாகவும், பத்து மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள் என்றும் சொன்னார். இந்த ஒரு மணி நேர அலைச்சலில் துண்டை வைத்திருந்த அட்டை ஊறிப் பிய்ந்துவிட்டது. அதைச் சாக்கடையோரம் வீசிவிட்டு, துண்டை இரண்டாக மடித்து, பிளாஸ்டிக் உறையோடு சட்டைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டேன். உறையின் வாய் மேல்நோக்கித் திறந்திருந்தது. அதை நான் கவனிக்கவில்லை, மழை கவனித்தது.

சத்திரம் கருங்கல் தூண்களும் நடுவே திறந்த முற்றமுமாக இருந்தது. ஏதோ ஒரு நெசவு வியாபாரக் குடும்பம் எந்தக் காலத்திலோ யாத்திரைக்காரர்களுக்குக் கட்டியது. வாசற்கதவுக்கு உட்புறம் இடது கைப் பக்கத்தில் நீளமாக ஒரு நடை. அதன் சுவரில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்பில் நம்பர். ஆணிகளில் பெல்ட்டுகள், பைகள். கீழே செருப்புகள். அதற்கு மேலே பெரிய எழுத்தில்: "தோல் பொருள் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது."

மேஜையில் உட்கார்ந்திருந்த மேனேஜர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"யாரு வேணா தங்கலாம். எந்த ஊரு, இன்னா சாதி, ஒண்ணும் கேக்க மாட்டோம். தோல் மட்டும் உள்ள போகக் கூடாது. ஷூ, பெல்ட்டு, பர்ஸு எல்லாம் இங்கியே விட்டுடணும்."

பர்ஸிலிருந்ததை எடுத்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு பர்ஸையும் பெல்ட்டையும் ஷூவையும் கழற்றி வைத்தேன். பேண்ட் உடனே இறங்கத் தொடங்கியது. மேனேஜர் அம்மா அதற்கும் தயாராக இருந்தார். மேஜைக்குப் பக்கத்துக் கொக்கியில், லுங்கி ஓரத்தில் வெட்டியெடுத்த நாடாக்கள் ஒரு கற்றையாகத் தொங்கின. பெல்ட்டை விட்டுப்போகிறவர்களுக்கு இடுப்பில் கட்டிக்கொள்ள அந்தச் சத்திரம் கொடுப்பது. ஒன்றை உருவிக் கொடுத்தார். கூடவே பதினேழு என்று தட்டிய தகர வில்லை.

"நாடாவுலயே கோத்து வெச்சுக்கங்க. தொலைச்சிடப் போறீங்க. சட்டைக்குள்ள இன்னா?"

என் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக நான் பொய் சொன்னதில்லை. "துணிங்கம்மா. துணி சாம்பிளு."

பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கையெழுத்துப் போட்ட ஒரே துண்டை, போகிற வருகிறவர்கள் செருப்பு மாட்டுகிற இடத்தில் ஆணியில் தொங்கவிட்டுவிட்டு நான் தூங்குவதா? ஆனால் பொய் சொன்ன நிமிஷத்திலிருந்து அந்தத் துண்டு என் வயிற்றில் கனக்க ஆரம்பித்துவிட்டது. மாட்டிக்கொண்டால் மழையில் வெளியே போக வேண்டியதுதான். வேறு இடம் இல்லை.

ஆண்கள் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் பாய் விரித்திருந்தார்கள். எனக்குக் கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, பெரிய கைகள். நகங்களைச் சுற்றித் தோல் தடித்துக் கறுத்திருந்தது. மடியில் ஒரு மஞ்சள் துணிப்பை.

"நல்லா நனைஞ்சிட்டீங்க போலருக்கே சார். எந்தப் பக்கம்?"

"குடியாத்தம்" என்றேன். முழு உண்மையைச் சொல்லக் கூடாது என்று மூளை சொல்லியது.

"அப்டியா? நமக்கு பேரணாம்பட்டு."

நான் போகிற ஊர். எதிர்க் கம்பெனிக்குத் தோல் போடுகிற டேனரியும் அங்கேதான் இருக்கிறது.

"டேனரி வேலையா?" என்று, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். குரல் சாதாரணமாக வரவில்லை.

"வேற இன்னா வேல இருக்குது அங்க? ஒண்ணு தோலு, இல்லன்னா பீடி." மூக்கை லேசாக உறிஞ்சினார். என் இடுப்பைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "வீட்டுக்காரி ஆஸ்பத்திரில இருக்கா. ராத்திரி கூட இருக்க உட மாட்றாங்க. காலைல ஆறு மணிக்கெல்லாம் டீ எடுத்துனு போகணும்."

நல்ல கதை, நன்றாகத் தயார் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கணைக்கும் முன் மேனேஜர் அம்மா கூடத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தலையை நிமிர்த்தி மூக்கால் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இன்னா இது, டேனரி வாசனை அடிக்குது?"

என் சட்டைக்குள் ஈரத் தோல் சூடேறி, எனக்கே வாசனை தெரிந்தது. போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டேன். காது மடல் வரை வியர்த்தது. இப்போது எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்துப் பாய்க்காரர் கையைத் தூக்கினார்.

"நான்தாம்மா. இருவத்தெட்டு வருசமா தோலு வேல. எவ்ளோ சோப்பு போட்டாலும் போகமாட்டேங்குது."

"நேத்து இவ்ளோ ஜாஸ்தியா இல்லையே?"

"மழை பெய்யுதேம்மா. ஈரத்துக்கு கௌம்புது."

அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

புத்தியுள்ள எவனும் அந்த மனிதருக்கு நன்றி சொல்லியிருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என்னிடம் தோல் இருப்பது இவனுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா பிடுங்கிக்கொண்டால் தனக்குக் கிடைக்காதே என்று காப்பாற்றுகிறான். இருட்டில் துண்டை இடுப்பிலிருந்து உருவி, உறையோடு என் பயணப்பைக்கு அடியில் வைத்து, பைமேல் தலையை வைத்துக்கொண்டேன். இரவு முழுவதும் கண் விழித்துக் காவல் காப்பதாக எனக்கு நானே சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தின் பாதியில் தூங்கிப்போனேன்.

எழுந்தபோது மணி ஐந்து இருபது. கூடம் அரை இருட்டில் இருந்தது. பக்கத்துப் பாய் சுருட்டிச் சுவரில் சாத்தப்பட்டிருந்தது. ஆளைக் காணோம். மஞ்சள் பையைக் காணோம். கையைப் பைக்கு அடியில் விட்டேன். உறை இருந்தது. எடுத்துப் பிரித்தேன். காலி.

பையைக் கவிழ்த்தேன். பாயை உதறினேன். அடுத்த பாயில் தூங்கிக்கொண்டிருந்தவரின் போர்வையையும் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன்; அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தார். யாரிடம் கேட்பது? துணி என்று சொல்லி உள்ளே கொண்டுபோன தோலைக் காணோம் என்று மேனேஜர் அம்மாவிடம் போய் முறையிடுவதா?

ஓடினேன்.

கூடத்திலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து அந்த நீள நடை, நடையிலிருந்து வாசல். நடையில் விளக்கு இல்லை. ஷூவை மாட்டிக்கொள்ள அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தில் ஒற்றன் பஸ் ஏறிவிடுவான் என்று வெறுங்காலோடு வாசலைத் தாண்டினேன். மேஜையிலிருந்து, "சார், உங்க பெல்ட்டு!" என்று மேனேஜர் அம்மா கூப்பிட்டது முதுகில் விழுந்தது. நான் நிற்கவில்லை.

மழை விட்டிருந்தது. கோட்டை அகழியில் தண்ணீர் தளும்ப நின்றது. அதன் ஓரமாக ஒரு நடுத்தர வயதுக்காரன் இடது கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையை வீசிக்கொண்டு, வெறுங்காலில் சேறு தெறிக்க ஓடினான். லுங்கி நாடா முதல் திருப்பத்திலேயே தளர்ந்துவிட்டது. காலை நடை வந்த இருவர் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆஸ்பத்திரி ஊரில் யாரும் ஏன் ஓடுகிறாய் என்று கேட்பதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று அந்த மனிதர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அதனாலேயே நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஒற்றன் போகிற இடத்தை உள்ளபடி சொல்வானா?

பேரணாம்பட்டு வண்டி நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் வடிந்துவிட்டதாம், ஆறேகாலுக்குப் புறப்படும் என்றார் கண்டக்டர். ஏறி, ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் வரை போனேன். ஆட்கள் என் காலைப் பார்த்தார்கள், பிறகு பேண்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்கள். மஞ்சள் பையோடு ஒருவர் இருந்தார். அதற்குள் கீரைக்கட்டு.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மாஸ்டர்.

"இன்னா சார், எங்க இருக்கீங்க?"

"பஸ்ஸுல மாஸ்டர்." அது உண்மை.

"துண்டு பத்திரமா இருக்குதா?"

"பத்திரமா இருக்குது மாஸ்டர்." இதுவும் உண்மைதான் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த நேரத்தில் அது பொய்யாகத்தான் வாயிலிருந்து வந்தது.

"மிக்சிங்குக்கு ஆளை எட்டரைக்கே வரச் சொல்லிட்டேன். தோலு மொத்தமும் வெளிய எடுத்து அடுக்கியாச்சு. நீங்க வர்ல, அவ்ளோதான்."

போனை வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்தொரு வயதில் வேறு எந்தக் கம்பெனியில் போய் நிற்பது? கல்லூரியில் படிக்கிற மகளிடம் என்ன சொல்வது, அப்பா ரெஸ்ட் எடுக்கிறேன் என்றா? முதலாளி மறுபடியும் டீ வரவழைப்பது கண்ணுக்குத் தெரிந்தது. இந்த முறை பிஸ்கட்டும் இருக்கும். ஏதாவது ஒரு துண்டுத் தோலை வாங்கி, கையெழுத்தை நானே போட்டுவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மணி ஐந்து ஐம்பது. வண்டி புறப்பட இருபத்தைந்து நிமிஷம். வேறு இடம் தெரியாததால் ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினேன்.

வாசலுக்கு எதிரே டீக்கடையில் அவர் நின்றிருந்தார். பிளாஸ்கில் டீ ஊற்றச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். தோளில் மஞ்சள் பை. அதிலிருந்து பழுப்பு நிறத்தில் பெரிய உறை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. என் துண்டை மடிக்காமலே வைக்கலாம், அவ்வளவு பெரிசு.

நான் எதுவும் கேட்கவில்லை. பாய்ந்து போய் உறையை உருவினேன். அவர் "ஏய், ஏய்!" என்று பிளாஸ்கைப் பின்னால் இழுத்துக்கொண்டார். டீ கொஞ்சம் சிந்தியது. நான் உறைக்குள் கையைவிட்டு வெளியே இழுத்தேன்.

எக்ஸ்ரே. டீக்கடை விளக்கில் வெள்ளையாக ஓர் எலும்பு தெரிந்தது, நடுவில் கோடு விழுந்து.

"என் வீட்டுக்காரி இடுப்பெலும்பு" என்றார் அவர். "பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டா. உனக்கு எதுக்கு அது? வோணும்னா டாக்டரைக் கேட்டுட்டுத் தர்றேன்."

டீக்கடையில் இருந்த நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். எக்ஸ்ரே ஒரு கையில், பேண்ட் ஒரு கையில். உறைக்குள் திரும்ப வைக்க இன்னொரு கை தேவைப்பட்டது.

"என் துண்டு எங்க?" என்றேன். அதட்டலாகத்தான் கேட்க நினைத்தேன். குரல் உடைந்துவிட்டது. "அண்ணே, அது இல்லன்னா என் வேல போய்டும்ணே. ஒம்போது மணிக்கு மாஸ்டர் கைல குடுக்கணும். நீங்க எடுத்திருந்தா குடுத்துடுங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் எக்ஸ்ரேயை என்னிடமிருந்து வாங்கி, ஓரம் மடங்காமல் உறைக்குள் நுழைத்தார். அதற்குள் அவர் முகம் மாறியிருந்தது. கோபம் போய், ஏதோ நம்ப முடியாததைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நீங்க தோல் கம்பெனிதானே சார்?"

"ஆமா."

"ஈரத் தோலை மடிச்சி தலைக்கு வெச்சினு படுத்தா இன்னா ஆகும்?"

மடித்த இடத்தில் கோடு விழும், நனைந்த இடமும் நனையாத இடமும் வேறு வேறு நிறத்தில் காயும். முதல் வாரமே கற்றுக்கொள்கிற பாடம்.

"விளக்கணைச்ச பிறகு வாசனை தாங்கல. சரி, பாக்கலாம்னு கைய வெச்சா, சொதசொதன்னு இருக்குது. பாதி நனைஞ்சி பாதி காய்ஞ்சி. மனசு கேக்கல. உங்களை எழுப்புனேன் சார். தோள்ல தட்டி, துண்டைக் காயப் போடட்டுமான்னு கேட்டேன். 'சரிங்க மாஸ்டர்'னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டீங்க."

"நானா?"

"பின்ன, நானா? அப்புறம் குழாயடில முழுசும் சமமா நனைச்சேன். அப்பத்தான் கோடு உழாது. என் தலைத்துண்டால ஒத்தி எடுத்தேன். கையெழுத்து மேல தண்ணி படாமத்தான் பண்ணேன், பயப்படாதீங்க. உள்ள காயப் போட்டா அந்தம்மா தொரத்திடும். அதான் உங்க இடுப்புல தொங்கின வில்லையில நம்பர் பாத்து, உங்க ஆணிலயே கொண்டு போய் மாட்டினேன். சுருங்கக் கூடாதுன்னு கீழ ரெண்டு பக்கமும் உங்க ஷூவையே கட்டித் தொங்க உட்டேன்."

"செருப்பு உடற எடத்துலயா? யாராவது எடுத்துனு போய்ட்டா?"

"அங்க வர்றவன் செருப்பைத்தான் சார் திருடுவான். தோலை எவன் திருடுவான்?" டீக்கடைக்காரர் முதலில் சிரித்தார். அவர் சிரித்த பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "வெளிய வரும்போது ஷூ போடப் போவீங்க, பாப்பீங்கன்னு நெனச்சேன். ஷூ போடாம ஓடி வருவீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

அவர் பிளாஸ்கின் மூடியைத் திருகினார். நான் சிந்திய டீக்கு ஈடாக ஒரு டீ ஊற்றச் சொல்லலாம் என்று சட்டைப் பையில் கைவிட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "டைம் ஆச்சி. அவ முழிச்சினு இருப்பா. நீங்க ஓடுங்க. பேண்டைப் புடிச்சினு ஓடுங்க" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்குள் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அவர் முதுகு மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சத்திரத்துக்குத் திரும்ப ஓடினேன். இப்போது வெளிச்சம் வந்திருந்தது. மேனேஜர் அம்மா மேஜையிலிருந்தே இடது கைப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"துணின்னு சொன்னீங்களே" என்றார். "நல்லாத் தொங்குது உங்க துணி."

"தப்புதாம்மா."

"நீங்க ஓடும்போது பெல்ட்டுன்னு கூப்ட்டேன். நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும். நாடாவைக் கழட்டி வெச்சிட்டுப் போங்க, அடுத்த ஆளுக்கு வேணும்."

ஆறேகால் வண்டி எனக்காக இரண்டு நிமிஷம் நின்றது என்று சொல்லத்தான் ஆசை. அது போய்விட்டது. அடுத்த வண்டி ஆறு நாற்பதுக்குப் புறப்பட்டது. குடியாத்தம் பாலத்தருகே இருபது நிமிஷம் நின்று, ஒவ்வொரு வண்டியாகத்தான் விட்டார்கள். துண்டை மடியில் விரித்து, இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி, கை வைக்காதீர்கள், வியர்வை படும் என்றார். அவரும் பேரணாம்பட்டு. கையை எடுத்துவிட்டேன்.

எட்டு ஐம்பத்தெட்டுக்கு மாஸ்டர் கையில் கொடுத்தேன். அவர் ஜன்னலோரம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோடு இல்லை. கறை இல்லை. கையெழுத்து அப்படியே இருந்தது. மேல் ஓரத்தில் ஆணி போன துளை ஒன்று மட்டும். "இது இன்னா ஓட்டை?" என்று கேட்டார். ஆணி என்றேன். சாயம் கலக்கச் சொல்லிவிட்டார்.

எதிர்க் கம்பெனி யாரையும் அனுப்பவில்லை. துண்டை யாரும் திருடவில்லை. இரவு பத்தரையிலிருந்து அது பதினேழாம் ஆணியில், என் பெல்ட்டுக்குப் பக்கத்தில், என் ஷூக்களைத் தாங்கிக்கொண்டு காய்ந்துகொண்டிருந்தது. விடியற்காலை ஐந்து இருபதுக்கு நான் அதை ஒரு முழத் தூரத்தில் தாண்டித்தான் ஓடினேன்.